அது திருட்டு புரோகிராம் இல்லை

வேலை போனால் போகட்டும், திருடி என்ற பெயரோடு மட்டும் போவதில்லை. காலையில் கடைக்குள் நுழையும்போதே செர்வா முடிவு கட்டிவிட்டாள்.

கானா நாட்டுக் குமாசி நகரில் கல்லூரி வாசலை ஒட்டிய பிரிண்ட் கடை அது. விரிவுரையாளர் ட்வெனெபோவா அங்கே அச்சிட்டுப் போன வினாத்தாள், தேர்வுக்கு முன்பே மாணவர்களின் கைபேசிகளில் சுற்றியது. தேர்வு ரத்து. பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன் இருப்பவள் செர்வா. பழி அவள் தலையில்.

கடைக்காரி டூஃபி கூட்டி வந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் அம்பெம், திரையில் விரலை வைத்தான்.

"மேடம், இதுக்குப் பேரு ஸ்பூலர். யாரும் பிரிண்ட் குடுக்கலைன்னாலும் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கு. எதுக்கு ஓடணும்? உள்ள இருக்கறதை வெளிய அனுப்புது. திருட்டு புரோகிராம்."

"யாரு போட்டிருப்பா?"

"படிச்சவங்கதான்."

டூஃபி குரலைத் தாழ்த்தினாள். "உங்கம்மா தெருவுல கென்கே உருண்டை வித்துப் படிக்க வெச்சது இதுக்காடி? சார் வந்ததும், தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லிடு. போலீசுக்குப் போகாம நான் பாத்துக்கறேன்."

"பண்ணாததை எப்படி மேடம் தெரியாமப் பண்றது? எங்கம்மாவை இதுல இழுக்காதீங்க."

செர்வா மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள். "ஓடுதுன்னு சொன்னீங்களே அண்ணே, எங்கிருந்து ஓடுதுன்னு பாத்தீங்களா?"

கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்தாள். விண்டோஸின் சொந்தக் கோப்புறை. தயாரித்த நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பத்தைத் திறந்தாள், சரியாக இருந்தது. வைரஸ் சோதனையும் ஓட்டினாள். ஒன்றும் இல்லை.

"திருட்டு புரோகிராம் இதே பேரை வெச்சுக்கிட்டு வேற எடத்துல ஒளிஞ்சிருக்கும். இது அது இல்ல. நாம அனுப்பறதை வாங்கி வரிசையில நிறுத்தி, பிரிண்டருக்குக் குடுக்கற ஆளு. வரிசை இருக்கற வரைக்கும் காவல் நிக்கும்."

"எதுக்கும் எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திடலாம்" என்றான் அம்பெம். டூஃபி அவசரமாகத் தலையாட்டினாள்.

"கைய வெச்சுப் பாருங்க!" செர்வா நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டருக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள். "அழிச்சா ஆதாரம் போயிடும், நான் திருடின்னு ஆயிடும். அதுக்குத்தானே அவசரம்?"

அப்போதுதான் ட்வெனெபோவா உள்ளே வந்தார். "ஒத்துக்கிட்டாளா?"

"இங்க வாங்க சார், பாருங்க." பிரிண்டர் வரிசையைத் திறந்தாள். கரண்ட் பாதியில் போய், ஒரு மாணவரின் ஆய்வேடு அரைகுறையாக நின்று, அவரோடு சண்டை வந்த நாளிலிருந்து டூஃபி போட்ட சட்டம் அது: அச்சானதையும் வரிசையிலிருந்து நீக்கக்கூடாது. அந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் அப்படித்தான். பட்டியல் இறங்கிக்கொண்டே போனது. நடுவில் அவருடைய வினாத்தாள்.

"இப்படி வெச்சிருக்க வேண்டாம்னு எத்தனை தடவை சொன்னேன் மேடம்?" செர்வா மறுஅச்சுப் பொத்தானை அழுத்தினாள்.

பிரிண்டர் உறுமியது. கரண்ட் போயிற்று.

டூஃபி மூச்சு விட்டாள். "பாத்தீங்களா சார், ஒண்ணும் வரல. சும்மா வாய்தான் இவளுக்கு."

செர்வா அசையவில்லை. பேட்டரியில் கம்ப்யூட்டர் திரை மட்டும் எரிந்தது. தெருவில் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக இருமி எழுந்தன, கடைசியில் அவர்களுடையதும். யாரும் எதையும் தொடவில்லை. பிரிண்டர் தானாக விழித்து, தாளை இழுத்து, வினாத்தாளை வெளியே தள்ளியது.

ட்வெனெபோவா அதை எடுத்தார். சூடு இன்னும் ஆறவில்லை.

"இந்த சீட்ல உக்காந்த யாரு வேணா எடுக்கலாம் சார். பகல்ல நான். சாயங்காலம் மேடத்தோட தம்பி. பூட்டினப்புறம் சாவி மேடம்கிட்ட. விசாரிக்கணும்னா மூணு பேரையும் விசாரிங்க. நானும் வர்றேன். தனியா மட்டும் வரமாட்டேன்."

டூஃபியின் கை கம்ப்யூட்டர் பிளக்கை நோக்கி நீண்டது. ட்வெனெபோவா நகர்ந்து அதை மறித்து நின்றார். செர்வாவிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

"போன பருவத்துத் தாளும் இதுல இருக்குமா?" என்றார்.

"இருக்கும் சார். உக்காருங்க."