ரெண்டு நாளைக்குப் போதும்

தாராபுரத்தில் மருந்து வாங்க நோயாளிகள் வருவதில்லை. நோய்கள்தான் வரும். படுத்துக் கிடக்கிற மனுஷனை எழுப்பி வெயிலில் அனுப்புவது முறையல்ல. தெம்பாக இருப்பது நோய் என்பதால், அதுவே சீட்டை எடுத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடைக்கு நடந்துவந்து வரிசையில் நிற்கும்.

கோகிலவாணி அந்தக் கடையில் பயிற்சிக்கு இருந்தாள். டி.ஃபார்ம் இரண்டாம் வருஷம். காய்ச்சலைத் தணிப்பது ஆன்டிபைரெடிக், வலியைக் குறைப்பது அனல்ஜெசிக், வயிற்று அமிலத்தை அடக்குவது ஆன்டாசிட், கிருமியை ஒழிப்பது ஆன்டிபயாடிக் என்று வகைகளையெல்லாம் கல்லூரியில் உருப்போட்டபோது சுலபமாகத்தான் இருந்தது. கவுண்டரில் நின்ற பிறகுதான் உயிர் போனது. காய்ச்சல் வரும்போதெல்லாம், "எம் மருந்துக்கு முன்னால எதுக்குங்க ஆன்டின்னு ஒண்ணு? மரியாதையா வேற பேரு இல்லீங்களா?" என்று கேட்கும். மலச்சிக்கல் பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. லாக்ஸேடிவ் பாட்டிலைக் கையில் கொடுத்த பிறகும் மத்தியானம்வரை அங்கேயே இருக்கும். நெஞ்செரிச்சல் ஆன்டாசிட் வாங்க வரும்போதே பக்கத்துக் கடையில் பரோட்டா பார்சல் சொல்லிவிட்டு வந்திருக்கும். அரிப்புக்கு வரிசையில் ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

நோய்கள் மருந்து வாங்குவதில் ஒரு கணக்கு உண்டு. மருந்தே வாங்காமல் விட்டால் வீட்டார் பயந்துபோய் ஆளைக் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே நோய்களுக்கு மரியாதை கிடையாது. அதனால் ஆளைக் கொஞ்சம் தேற்றி நடமாட விடும் அளவுக்கு மட்டும் வாங்கும். கேட்ட அளவைக் கொடுத்து அனுப்ப வேண்டியது கடையின் வேலை.

"வாங்க வந்ததுககிட்ட வாய் குடுக்காத அம்மணி," என்று கடைக்காரர் நாச்சிமுத்து முதல் நாளே சொல்லியிருந்தார். கோகிலவாணியும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள், தன் வீட்டு மார்ச்சளி கடைக்கு வரும்வரை.

அவள் அப்பா சென்னியப்பன் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவர். மழை நாளில் நனைந்தபடி வேலை பார்த்ததில் மார்ச்சளி வந்து நெஞ்சில் குடியேறியது. கடைக்கு வந்தபோது அது ஒல்லியாக, பணிவாக இருந்தது. சீட்டில் ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதியிருந்தது.

"ரெண்டு நாளைக்குப் போதும் கண்ணு. அதுக்குள்ள அப்பாவுக்கு நல்லாயிரும்."

அவள் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி இரண்டு நாளைக்குக் கொடுத்தாள். அப்பாவுக்கு நன்றாகத்தான் ஆனது. தையல் மெஷினில் உட்கார்ந்து பாட்டுக்கூடப் பாடினார். அடுத்த வாரம் மார்ச்சளி மறுபடி வந்தது. இந்தத் தடவை தோளெல்லாம் அகன்றிருந்தது. டாக்டர் வேறு வகை ஆன்டிபயாடிக் எழுதியிருந்தார். அதிலும் இரண்டு நாளைக்குப் போதும் என்றது. மூன்றாம் தடவை வந்தபோது கதவில் ஒருக்களித்துத்தான் நுழைய முடிந்தது. சீட்டின் அடியில், இதற்கு மேல் கொடுக்க வேறு வகை இல்லை, ஏழு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். அந்த மாத்திரை கையிருப்பில் இல்லை, நாளைக்கு வா என்று நாச்சிமுத்து அதைத் திருப்பி அனுப்பினார்.

வீட்டில் அப்பா ஒரு வாய் சோற்றை விழுங்குவதற்குள் நாலு தடவை இருமினார். சட்டைக்குள் விலா எலும்பு தெரிந்தது.

"நீங்களே ஒரு தடவை கடைக்கு வாங்கப்பா. ஏழு நாளைக்கும் கேளுங்க, குடுத்தர்றேன்."

"நோவுக்காரன் கடைக்குப் போனா ஊரு சிரிக்காதா கண்ணு? அதுதான் நடையா நடந்து வாங்கிட்டு வருதே, பாவம்."

தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர இவரிடம் என்ன செய்வது?

மறுநாள் கவுண்டரில், "ரெண்டு நாளைக்குப் போதும் கண்ணு," என்று மார்ச்சளி சீட்டை நீட்டியபோது அவளுக்குப் பொறுமை பறந்தது.

"ஏழு நாளைக்கு எழுதியிருக்குங்க."

"எனக்குத் தெரியாதா? உங்கப்பா நெஞ்சுல இருக்கறது நானா, டாக்டரா?"

"எங்கப்பா செத்துருவாருங்க."

"செத்தா நானும் வேற எடம் பாத்துக்கறேன். வெட்டு கண்ணு, வெயில் ஏறுது."

நாச்சிமுத்து கல்லாவிலிருந்து தொண்டையைச் செருமினார். வரிசையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு நாளைக்கு வெட்டிக் கொடுத்தாள். மார்ச்சளி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சீட்டை எடுக்காமலே ஒருக்களித்து வெளியே போனது.

வரிசையில் அடுத்து நின்றது அப்பாவின் பிரஷர். பன்னிரண்டு வருஷமாக அவரிடம் இருக்கிறது. மாதம் பிறந்தால் தவறாமல் வந்து நீரைப் பிரியவைக்கும் தன் டையூரெடிக் மாத்திரையை முழு மாதத்துக்கும் வாங்கிப் போகும். கடையில் யாருக்கும் அதைப் பிடிக்காது. நுழையும்போதே கத்தும், மின்விசிறி சுற்றவில்லை என்று கத்தும், சில்லறைக்குக் கத்தும். வீட்டிலும் அப்படித்தான். கோகிலவாணி அதோடு முகம் கொடுத்துப் பேசியதே இல்லை.

"என்ன அழுகை?" என்று பிரஷர் கத்தியது. "அந்த மீதி அஞ்சு நாளு மாத்திரைய எங்கிட்டக் குடு."

"உங்களுக்கு எதுக்குங்க?"

"அந்த நேத்து வந்த பயலுக்கென்ன, ஆளு போயிட்டா அடுத்த நெஞ்சுக்குப் போயிருவான். பன்னெண்டு வருசம் இருந்த எடத்த விட்டுட்டு நான் எங்க போறது? சென்னியப்பன் இன்னும் முப்பது வருசம் இருக்கோணும். நானும் கூட இருக்கோணும்."

கோகிலவாணி கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். நாச்சிமுத்து சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அதே ஆளோட நோவுதானே. குடுக்கலாம் அம்மணி," என்றார்.

அன்றிலிருந்து காலையும் ராத்திரியும் சாப்பாடு முடிந்த கையோடு பிரஷர் அப்பாவின் தலைமாட்டில் நின்று கத்தியது. இரண்டு நாள் ஆனதும், "இப்பத்தான் நல்லாயிருச்சே, எதுக்கு இன்னும்?" என்று அப்பா கையை உதறினார். அது போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து போய்விட்டது. அப்பா விழுங்கினார். மார்ச்சளி தையல் மெஷினுக்கு அடியில் சுருண்டுகொண்டு, நாளுக்கு நாள் இளைத்து, அவ்வப்போது வெந்நீர் கேட்டது. கோகிலவாணி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏழாம் நாள் ராத்திரி அப்பா ஒரு தடவைகூட இருமாமல் தட்டைக் காலி செய்தார். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். அவள் கரண்டி நிறைய அள்ளி ஊற்றினாள். அவ்வளவு சந்தோஷம். உப்பு அதிகம் என்று பிரஷர் கத்தியது. அன்றைக்கு அந்தச் சத்தம் அவளுக்கு எரிச்சலாகவே இல்லை.

மறுநாள் கடையில் வரிசையின் கடைசியில், யாரும் இதுவரை பார்க்காத ஒன்று நின்றது. இத்தனூண்டு இருந்தது. மலச்சிக்கலுக்கும் அரிப்புக்கும் வழிவிட்டு, தன் முறை வந்ததும் எம்பி, கவுண்டர்மேல் ஒரு சீட்டை வைத்தது.

"யாருக்குங்க?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"உங்கூட்டு மார்ச்சளிக்குங்க. ஒடம்பு ரொம்ப முடியலீங்க, எந்திரிச்சு நடக்க முடியாமக் கெடக்குது. நான் அதோட நோவுங்க."

அவள் சீட்டைப் பார்த்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு, ஏழு நாள் என்று எழுதியிருந்தது.

"எத்தனை நாளைக்கு வேணுமுங்க?"

"ரெண்டு நாளைக்குப் போதுமுங்க."

வாங்க வந்தவர்களிடம் வாய் கொடுக்கக் கூடாது. கோகிலவாணி கத்தரிக்கோலை எடுத்து, இரண்டு நாளைக்கு மட்டும் வெட்டி, கவரில் போட்டுக் கொடுத்தாள்.