ஹில்டா வைத்துவிட்டுப் போன ஒயின்

நெவில் கிராப்ட்ரீ ஒரு சின்ன கிளாஸில் ஒயினை ஊற்றிக்கொண்டு என் தோட்டக் கதவருகே வந்து நின்றபோதே எனக்குப் பொறி தட்டியது. இரண்டு வருடமாக என் முகத்தைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லாதவன். அவன் கொட்டகையை நான் பிரிக்க வைத்த நாளிலிருந்து அப்படித்தான்.

நான் வேக்ஃபீல்டு நகர பஸ்களில் முப்பத்தோரு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். டிக்கெட் வாங்காதவன் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தப்பு. அவன் நம் முகத்தையே பார்ப்பான், சிரிப்பான், வெயில் நன்றாக அடிக்கிறது என்பான். அன்று நெவில் சிரித்தான்.

"வெயில் நல்லா அடிக்குது, டெரிக்," என்றான்.

கொட்டகை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊர்க்கோடியில் நகராட்சி வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகளில் பதினாலாம் எண் என்னுடையது, பதினைந்து அவனுடையது. அவன் கொட்டகை என் பக்கம் ஒன்பது அங்குலம் உள்ளே இருந்தது. டேப் வைத்து அளந்தேன், தோட்டக் கமிட்டிக்கு எழுதினேன். அவனும் அவன் மனைவி ஹில்டாவும் பலகை பலகையாகக் கழற்றித் தள்ளிக் கட்டினார்கள். நான் செய்தது சரி. அன்றும் சரி, இன்றும் சரி.

பிப்ரவரியில் இருவருக்கும் ஒரே காய்ச்சல். நெவில் பிழைத்துக்கொண்டான், ஹில்டா போய்விட்டாள். சவ அடக்கத்துக்குப் போனேன். கடைசி வரிசையில் நின்றுவிட்டு, டீ கொடுப்பதற்குள் கிளம்பிவிட்டேன்.

இப்போது ஜூலை மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. கையில் ஒயினோடு நெவில்.

"ரூபார்ப் ஒயின். ஹில்டா போட்டது," என்றான். "போன வருஷம் மே மாசம் அவளே தண்டு பிடுங்கி, அவளே நறுக்கி, சர்க்கரை போட்டு ஊற வெச்சா. பாட்டில்ல ஊத்தறதுக்குள்ள போயிட்டா. ஒரு ஜாடிதான் இருக்கு. செப்டம்பர் தோட்டக் கண்காட்சியில அவ பேர்லயே வைக்கலாம்னு கமிட்டி ஒத்துக்கிச்சு. அவ மூணு தடவை முதல் பரிசு வாங்கினவ, கடைசி ஒயின் சோடை போகக் கூடாது. குடிச்சிப் பாத்து சொல்லு."

"நீ குடிக்கலையா?"

"எனக்கு வேணாம்."

கவனியுங்கள். எனக்கு வேண்டாம் என்கிறான். தன் மனைவி போட்ட ஒயின் அவனுக்கு வேண்டாமாம், கொட்டகையைப் பிரிக்க வைத்தவனுக்கு வேண்டுமாம்.

ரூபார்ப் செடியின் புளிப்பான சிவந்த தண்டைத் தின்னலாம், இலையைத் தின்னக் கூடாது. இலை விஷம். எங்கள் பக்கம் பேச்சு வந்த குழந்தைக்கும் இது தெரியும். கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"பெரில் கூப்பிடறா மாதிரி இருக்கே," என்று சொல்லி என் கொட்டகைக்குள் நுழைந்தேன். என் மனைவி பெரில் வீட்டில் இருந்தாள், அரை மைல் தள்ளி. அங்கிருந்த ஜெரேனியம் பூச்செடித் தொட்டியில் ஒயினைக் கவிழ்த்துவிட்டு வாயைத் துடைத்தபடி வெளியே வந்தேன்.

"எப்படி?" என்றான். என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நல்லாருக்கு. ஸ்ட்ராபெரி மாதிரி ஒரு வாசனை. புளிப்புதான் கொஞ்சம் தூக்கல்."

ரூபார்ப் என்றால் புளிக்காமல் என்ன செய்யும். எது சொன்னாலும் பொருந்துகிற பேச்சு. நெவில் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு, நான் சொன்னதை எழுதிக்கொண்டான்.

வீட்டுக்குப் போய் பெரிலிடம் சொன்னேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு விஷம் வைக்கிறானா? எதுக்கு?"

"கொட்டகை."

"அந்த ஒன்பது அங்குலத்துக்கு? விஷம் வைக்கிற அளவுக்கு நீ என்ன பெரிய மனுஷனா, டெரிக்? போய்க் கேளு அவனை. வாய் இருக்குல்ல."

"கேட்டா ஒத்துக்குவானா?"

"அப்ப குடிச்சிட்டு சாவு. எனக்காவது பட்டாணி மிச்சம்."

பெரிலுக்கு எல்லாம் விளையாட்டு. அவள் ஒரு நாளும் யாரிடமும் டிக்கெட் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை வேலியோரம் களை பிடுங்கும் சாக்கில் உட்கார்ந்திருந்தேன். நெவிலின் கொட்டகைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மேசை மேல் அந்தப் பெரிய கண்ணாடி ஜாடி. அவன் ஒரு டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியை ஸ்பூனில் அள்ளி ஜாடிக்குள் போட்டான். நீளமான குச்சியால் மெதுவாகக் கலக்கினான். களையோடு சேர்த்து இரண்டு கேரட்டையும் பிடுங்கிவிட்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஆள் ஆஜர்.

"இப்ப எப்படி இருக்கு?"

தொட்டியிலிருந்து திரும்பி வந்து, "இன்னும் புளிப்பு," என்றேன். அவன் எழுதிக்கொண்டான்.

அப்படியே வாரா வாரம். நான் உருளைக்கிழங்கும் வெங்காயமும் போடுகிறவன், ஒயினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? புளிப்பு என்பேன். ஒரு வாரம் மாற்றிச் சொல்வோமே என்று, இனிப்பு போதவில்லை என்றேன். அடுத்த வாரம் மறுபடி புளிப்பு. அவன் சளைக்காமல் எழுதினான். ஒரு தடவைகூட அந்த ஒயினைத் தன் வாயில் வைக்கவில்லை.

மற்ற சாட்சியங்களும் சேர்ந்துகொண்டே வந்தன. ஜூலை கடைசியில் எல்லாத் தோட்டங்களுக்கும் கோழி எரு வந்து இறங்கியது. மனிதன் கிட்டே நிற்க முடியாது. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். நெவில் மட்டும் அந்தக் குவியல் பக்கத்தில் நின்று நிதானமாக சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். நெஞ்சில் ஈரமில்லாதவனால்தான் அது முடியும் என்று நினைத்தேன்.

அப்புறம் இலை. ரூபார்ப் வளர்க்கிற எல்லோரும் இலையை வெட்டிக் குப்பைக் குழியில் போடுவார்கள். அவன் குழியில் ஒரு இலை இல்லை. எங்கே போயின? அவன் இல்லாத ஒரு மத்தியானம் வேலியைத் தாண்டினேன். கொட்டகைக்குப் பின்னால் ஒரு வாளி, மூடி, மூடி மேல் செங்கல். திறந்தால் உள்ளே இலைகள் ஊறிக் கிடந்தன. தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது.

ஓடினேன் பெரிலிடம்.

"அது பூச்சிக்கு அடிக்கிற தண்ணி," என்றாள். "எங்கம்மா அதுல அலுமினியப் பாத்திரம்கூட தேய்ப்பா. பளபளன்னு ஆயிடும்."

"பாத்திரம் தேய்க்கிறவன் மூடி மேல செங்கல்ல வைப்பானா?"

"உன்ன மாதிரி ஆளுங்க வேலி தாண்டி வருவாங்கன்னு தெரிஞ்சா வைப்பான்."

ஆகஸ்டில் ஜெரேனியம் வாடிச் செத்தது. தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றாள் பெரில். அந்தச் செடி என் இடத்தில் நின்று உயிரைக் கொடுத்திருக்கிறது என்று உண்மையாகவே நம்பினேன்.

ஒன்பது ஞாயிறு முடிந்தது. செப்டம்பர் முதல் சனிக்கிழமை, கண்காட்சி.

சர்ச் கூடத்தில் நீள மேசைகள். ஒரு பக்கம் பூசணி, ஒரு பக்கம் ஜாம், கோடியில் ஒயின் பாட்டில்கள். எங்கள் கண்காட்சியில் ஒயினை எல்லோர் முன்னாலும்தான் குடித்துப் பார்ப்பார்கள். பாட்டில்களை வரிசைப்படுத்தி நடுவருக்கு ஊற்றிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தப் பாட்டில் என் கண் பார்வையில் இருக்க வேண்டும்.

நடுவர் ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்திருந்தார். கண்ணாடி போட்ட, கறாரான ஒரு அம்மாள். ஏழு பாட்டில்கள் தாண்டி எட்டாவது ஹில்டாவுடையது. மற்றவை எல்லாம் தெளிவாக, இளஞ்சிவப்பாக இருந்தன. இது கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. நெவில் எதிரே, நல்ல கோட்டும் டையும் போட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

கிளாஸ் அந்த அம்மாளின் உதட்டருகே போனது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"குடிக்காதீங்கம்மா. அதுல விஷம் இருக்கு. இலையை ஊற வெச்சு ஊத்தியிருக்கான்."

ஜாம் மேசையில் பெரில் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

நடுவர் என் கையை மெல்ல விலக்கினார். கிளாஸை முகர்ந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு வாய் வைத்து, வாயில் உருட்டி, பக்கத்திலிருந்த வாளியில் துப்பினார். தண்ணீர் விட்டு வாயைக் கொப்பளித்தார்.

"விஷமெல்லாம் இல்ல," என்றார். "சுண்ணாம்பு. புளிப்பு எடுக்க அந்தப் பொடியை ஒரு சிட்டிகை போடுவாங்க, இதுல அள்ளிக் கொட்டியிருக்காங்க. அதை மறைக்க சர்க்கரை வேற. ரூபார்ப் எங்கன்னே தெரியல." பிறகு குரலைத் தாழ்த்தி, "யாரோ நல்லாத் தெரிஞ்சவங்க ஆரம்பிச்ச ஒயின் இது. அப்புறம் யாரோ கெடுத்துட்டாங்க," என்றார். பரிசுக்கு உரியதல்ல என்று அட்டையில் எழுதிப் பாட்டிலில் சாய்த்து வைத்தார்.

நெவில் அட்டையைப் படித்தான். பிறகு மேசையைச் சுற்றி என்னிடம் வந்தான். அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"விஷம்னு நெனச்சியா?" என்றான். "ஒன்பது வாரம் குடிச்சியே, உனக்கு ஒண்ணும் ஆகலையே."

"நான் குடிக்கல, நெவில்."

"குடிக்கல?"

"ஒரு சொட்டுகூட."

அவன் நோட்டை எடுத்தான். பக்கத்தைப் புரட்டினான். புளிப்பு. இன்னும் புளிப்பு. இனிப்பு போதவில்லை. மறுபடி புளிப்பு. என் வார்த்தைகள், அவன் கையெழுத்தில்.

"நீதானே சொன்ன," என்றான். "நீ சொல்லச் சொல்ல நான் சுண்ணாம்பு போட்டேன்."

"நீயே ஒரு வாய் குடிச்சிப் பாத்திருக்கலாமேய்யா!"

"எனக்கு ருசி தெரியாது, டெரிக். வாசனையும் இல்ல. அந்தக் காய்ச்சல்ல போனது, திரும்பி வரல. கோழி எருவும் ஒண்ணுதான், ரோஜாவும் ஒண்ணுதான்."

"அதுக்கு என்கிட்ட ஏன் வந்த? எத்தனை பேர் இருக்காங்க. பெரில்கிட்ட கேட்டிருக்கலாம்."

"பெரில் நல்லவ. என் மூஞ்சியப் பாத்து நல்லாருக்குன்னு சொல்லிடுவா. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, பொண்டாட்டி செத்தவன்னு. நீ ஒருத்தன்தான் இரக்கம் பாக்கமாட்ட. ஒன்பது அங்குலத்துக்கே டேப் வெச்சு அளந்தவன். நீ பொய் சொல்லமாட்டேன்னு நெனச்சேன்."

முப்பத்தோரு வருடத்தில் என்னை யாரும் இவ்வளவு நம்பியதில்லை. நம்பிய ஒருவனைத்தான் நான் வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து வேவு பார்த்திருக்கிறேன்.

நெவில் நோட்டின் முதல் பக்கத்துக்குப் போனான்.

"முதல் ஞாயித்துக்கிழமை ஒரு கிளாஸ் கொண்டுவந்தேனே. அதுல நான் எதுவுமே சேக்கல. அவ வெச்சிட்டுப் போனது அப்படியே. அதையாவது குடிச்சியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நம்பியிருப்பான், வீட்டுக்கு எடுத்துப் போக அவனுக்கு அந்த ஒரு வரியாவது மிஞ்சியிருக்கும். வாய் வரை வந்தது.

"இல்ல. செடித் தொட்டியில ஊத்திட்டேன்."

"ஸ்ட்ராபெரி வாசனைன்னு சொன்னியே?"

"சும்மா சொன்னேன்."

"நான் கல்லறைக்குப் போய் அவகிட்ட சொன்னேன்யா," என்றான் நெவில். "ஹில்டா, டெரிக்கே ஒத்துக்கிட்டான், ஸ்ட்ராபெரி மாதிரி இருக்காம்னு."

அவன் பென்சிலால் அந்த வரியை அடித்தான். ஒரே கோடு, நேராக. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் பாட்டிலை எடுத்தேன். கிளாஸில் ஊற்றினேன், நடுவருக்கு ஊற்றியதைவிட அதிகமாக. அவன் முன்னாலேயே, கொட்டகைக்குள் ஓடாமல், ஒரு வாய் குடித்தேன். நெவில் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி?" என்றான்.

"சுண்ணாம்பு. அதுக்கு மேல சர்க்கரை. வாயில வைக்க முடியல."

பென்சிலை நாக்கில் தொட்டு அதை எழுதிக்கொண்டான்.

"அதுக்கு அடியில?" என்றான். "அடியில ஏதாவது இருக்கா?"

நான் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தேன்.