தலைமையாசிரியரின் கடிதமும் என் கெட்டிலும்

இந்தக் குடியிருப்பில் யார் வீட்டில் எது நடந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். நானாகத் தேடிப் போவதில்லை. மாடிப்படிக்குப் பக்கத்தில் வீடு அமைந்தது என் குற்றமா? மேல்வீட்டு நர்ஸின் மகள் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாள், ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்பதும் அப்படிக் காதில் விழுந்ததுதான்.

அவளுக்கு வேதியியல் டீச்சரைக் கேட்க ஆசை. ஒரே சோதனையை நாலு முறை திரும்பச் செய்யவைத்து, ஐந்தாம் முறை கையெழுத்துப் போட்ட புண்ணியவதி அவர்.

"உன்னைத் திட்டித் தீத்தவங்ககிட்டயே போய் நல்லதா நாலு வரி கேப்பியா?" என்றேன். தலைமையாசிரியரைப் பிடிக்கச் சொன்னேன். பெரிய பதவி, பெரிய முத்திரை. நான் பத்தாவதைத் தாண்டியதில்லை. அதற்காகக் கல்லூரி பற்றிக் கருத்து இல்லாமல் போகுமா? நர்ஸ், அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

புதன்கிழமை தலைமையாசிரியரின் கடிதம் வந்தது. ஒட்டிய உறை, மடிப்பின்மேல் முத்திரை. வெள்ளிக்குள் கல்லூரிக்குப் போயாக வேண்டும். தான் எங்காவது வைத்துத் தொலைத்துவிடுவாளாம், நாளை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அந்தப் பெண் என்னிடம் கொடுத்தாள்.

சாயங்கால டீ வரைக்கும் தாக்குப்பிடித்தேன். அப்புறம் கெட்டிலின் ஆவி உறைப் பக்கம் போனது. உறையை நான்தான் பிடித்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

'இம்மாணவன் நம் கால்பந்து அணியின் தூண். இவன் தடுத்த கோல்கள் மறக்க முடியாதவை.'

இந்தப் பெண்ணிடம் பந்து ஒரே முறைதான் வந்திருக்கிறது. அன்று கண்ணாடி உடைந்தது.

வாயைத் திறக்காவிட்டால் அவள் சீட் போச்சு. திறந்தால் என் மானம் போச்சு. பசை போட்டு ஒட்டிப் பார்த்தேன். முத்திரை வாயைக் கோணிக்கொண்டு என்னையே பார்த்தது.

மறுநாள் அவள் வந்ததும், உறை தானாகத் திறந்துகொண்டது என்று ஆரம்பித்து, பாதியில் நாக்குக் குழறி, கெட்டில் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "என்ன எழுதியிருக்கார் அத்தை?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். தலையாட்டிக்கொண்டே பையிலிருந்து இன்னொரு உறையை எடுத்தாள். வேதியியல் டீச்சருடையது. நான் வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கே அவரையும் கேட்டுவிட்டாளாம்.

"சாருக்கு என்னை யாருன்னாவது தெரியுமான்னு சந்தேகமாவே இருந்துச்சு. ஆனா கடிதத்தைப் பிரிச்சுப் பாக்க மாட்டேன்னு ஃபாரத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றாள். "நீங்க போடலையே அத்தை."

பத்திரமாக வைத்திருக்கிறேன் கொடு என்று அந்த உறைக்கும் கையை நீட்டினேன். அவள் அதைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

சீட் கிடைத்துவிட்டது. அந்த டீச்சர் அப்படி என்னதான் எழுதினாரோ! இந்தக் குடியிருப்பில் எனக்குத் தெரியாத விஷயம் அது ஒன்றுதான்.