தேகு சாப்பிடவில்லை

ஜூன் வெயிலில் கடைக் கண்ணாடியே சுட்டது. பெட்டிக்குள் சூட்டு விளக்கும் எரிந்தது. முட்டை, நத்தை, பழுத்த பப்பாளி எல்லாம் வைத்தாயிற்று. தேகுப் பல்லி ஒன்றையும் தொடவில்லை. முன்காலால் பெட்டியின் மூலையையே பிறாண்டிக்கொண்டிருந்தது.

பிரெஞ்சு பேசும் நகரமொன்றின் செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்த அந்தச் செல்லப்பிராணிக் கடையில் கூடு கழுவுவது ஞானாம்பிகையின் வேலை. திருகோணமலையிலிருந்து அகதியாக வந்தவள். 1986 சித்திரையில் தம்பி செத்த சேதி வந்தது. அன்றும் வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு சோறு ருசிக்கவில்லை, கசக்கவுமில்லை. சனிக்கிழமைக்குள் சாப்பிடாவிட்டால் தேகுவை ஊசி போட்டுக் கொல்லக் கொடுக்கப்போவதாக முதலாளி சொன்னபோது மட்டும் அவள் வாய் 'வேண்டாம்' என்றது.

தேகு ஆர்ஜென்டினாவின் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் வாழும் பெரிய பல்லி. போன மாதம்தான் வந்திறங்கியது. பார்வைக்கு நம் உடும்பு மாதிரி. அவளும் உடும்பாகவே நடத்தினாள். தெற்கிலிருந்து வந்தது, சூடு போதாதாக்கும் என்று இன்னொரு விளக்கையும் போட்டாள். பிறாண்டல்தான் கூடியது.

வியாழன் பின்னேரம் சாப்பிடும்போது, அறையில் கூட இருக்கும் அல்போன்சம்மா, "ஊரில எண்டால் இதுக்குள்ள கறியாக்கியிருப்பம்," என்றாள். அவளுக்கு டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை. "நீயென்னடி, அதுக்குப் பிள்ளைப்பேறு பாக்கிற மாதிரி?"

ஞானாம்பிகை சோற்றைப் பிசைந்தாள்.

"சரி, இதைக் கேள். என்னோட வேலை செய்யிற கார்மனும் ஆர்ஜென்டினாதான். நேற்று தாய்க்கு அனுப்பக் கம்பளிச் சட்டை வாங்கினாள். ஜூனில! விசரி எண்டு சிரிச்சன். அங்க இப்பதான் குளிர்காலமாம்."

"இப்பவோ?"

"ஓமடி. எல்லாம் தலைகீழாம்."

ஞானாம்பிகை கவளத்தைத் தட்டில் வைத்தாள். போன குளிர்காலத்தில் கடை ஆமைகள் சாப்பிடாமல் மண்ணுக்குள் தூங்கியது நினைவு வந்தது.

பூமி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறது. வடக்கு சூரியன் பக்கம் சாயும் மாதங்களில் தெற்கு விலகியிருக்கும். அதனால் இங்கே கோடை, அங்கே குளிர். அந்தக் குளிரில் தேகு வளை தோண்டி, மாதக்கணக்கில் சாப்பிடாமல் உறங்கும். விமானத்தில் ஏற்றி இறக்கினாலும் அதன் உடம்பு பருவத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பிறாண்டியது நோயில் அல்ல. வளை தோண்டப் பார்த்தது.

வெள்ளி காலை முதலாளியிடம் தேகுவின் வாலைக் காட்டினாள். கொழுப்பை அது அங்கே சேர்த்து வைக்கும். நோயென்றால் வால் மெலிந்திருக்கும். இது தடித்தே இருந்தது. தெரிந்த பிரெஞ்சில், "அங்கே குளிர்காலம். இது தூங்க வேண்டும்," என்றாள். அவர் வாலை அமுக்கிப் பார்த்தார். "சரி, நிலவறைக்குக் கொண்டு போ."

மரப்பெட்டியில் முக்கால்வாசிக்கு மண்ணும் வைக்கோலும் நிரப்பி, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, விளக்கில்லாத குளிர்ந்த நிலவறையில் தேகுவை விட்டாள். அது தோண்டி உள்ளே போனது. செப்டெம்பர் வரை சாப்பாடு வைக்கத் தேவையில்லை.