அத்தை பாலம்: சான்று தேவை

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆளில்லை. இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் மற்றவர்கள் எழுதும் கட்டுரைகளைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுக்கும் தன்னார்வலர் அவள். யார் எதை எழுதினாலும் "சான்று எங்கே?" என்று கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளும் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. பால் தீர்ந்துவிட்டது என்று அம்மா சொன்னால் எழுந்துபோய்ப் பாத்திரத்தை எட்டிப் பார்ப்பாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த குடும்பம் கடைசியில் அவளுக்குச் சான்று என்றே பெயர் வைத்துவிட்டது. பகலில் மருந்துக்கடையில் நிற்பவள். டாக்டர் எழுதிய சீட்டை மூன்று தரம் படிக்காமல் மாத்திரையைத் தொடமாட்டாள். அப்படிப்பட்டவளிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

சனிக்கிழமை பிற்பகல்களில் நூலகத்தின் பின்னறையில் புதியவர்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தாள். கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் அறை அது. உட்காரும் முன் ஒவ்வொருவரும் தன் நாற்காலியை ஆட்டிப் பார்த்துக்கொள்வார். வந்தவர்கள் மூன்றே பேர்: ஒரு போட்டோகிராபர், ஒரு லிஃப்ட் மெக்கானிக், சான்றின் சொந்தச் சித்தப்பா.

போட்டோகிராபர் முதல் நாளே ஒரு கட்டுரையோடு வந்தார். "எளிமையின் சிகரமான இவர்" என்று அது தொடங்கியது.

"இது யாரைப் பத்தி?" என்று கேட்டாள் சான்று.

"என்னைப் பத்திதான் மேடம்."

"நம்மளைப் பத்தி நாமே எழுதக்கூடாதுங்க."

"அப்ப என் வீட்டுக்காரி எழுதலாமா?"

"அதுவும் கூடாது. சொந்தக்காரங்க எழுதினா நடுநிலை இருக்காது."

"அவளை எழுதச் சொன்னா எளிமைங்கிற பேச்சே இருக்காதுதான்," என்று ஒத்துக்கொண்டார் போட்டோகிராபர்.

லிஃப்ட் மெக்கானிக் தற்புகழ்ச்சிக்காரர் இல்லை. லிஃப்டைப் பற்றித்தான் எழுதியிருந்தார், நன்றாகவும் எழுதியிருந்தார். ஆனால் கடைசி வரி, "இதற்கு மேல் ஆள் ஏறினால் நான் பொறுப்பல்ல" என்று முடிந்தது. கலைக்களஞ்சியத்தில் 'நான்' வரக்கூடாது என்று சான்று விளக்கினாள். மறு வாரம், "இதற்கு மேல் ஆள் ஏறினால் மெக்கானிக் பொறுப்பல்ல" என்று திருத்திக்கொண்டு வந்தார். இப்படிப்பட்டவர்களைக் கட்டி மேய்ப்பதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இவர்கள் இரண்டு பேரும் பரவாயில்லை. சித்தப்பாதான் பெரும்பாடு. தபால் நிலையத்தில் கடிதம் பிரித்துப் போட்டு ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க அடுத்தவர் எழுதியதையே சுமந்த மனிதருக்குத் தானும் நாலு வரி எழுத வேண்டும் என்ற ஆசை வந்ததில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஆசை அவருக்குத் தலைகால் புரியாமல் வந்திருந்தது. தன் மீசையைப் பற்றி எழுதினார், சான்று நீக்கினாள். பக்கத்து வீட்டு நாயைப் பற்றி எழுதினார், அதையும் நீக்கினாள். மூன்றாவதாக, வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் மேல் இருக்கும் இரும்பு நடைபாலத்தைப் பற்றி எழுதிவந்தார். பாலத்துக்கு வயது இருந்தது, நீளம் இருந்தது, கட்டியது நகராட்சி என்பதற்குப் பழைய அறிக்கை ஒன்றும் இருந்தது. சான்று மனதுக்குள் மகிழ்ந்துபோனாள். அடுத்த பத்தியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பார்ப்பவர் மனதைக் கொள்ளை கொள்ளும் துருப்பிடித்த கைப்பிடிகளை உடைய இப்பாலத்தை மக்கள் அன்புடன் 'அத்தை பாலம்' என்று அழைப்பர். ஒருமுறை எதிரே வந்த சைக்கிள்காரருக்கு வழிவிடாமல் ஒரு பெண்மணி காலை முதல் நின்று, அவரைப் பின்வாங்கி நடக்க வைத்து வென்றதே இதற்குக் காரணம்."

"எந்த மக்கள் சித்தப்பா இப்படி அழைக்கிறாங்க?"

"நீ, நான், உங்கப்பா, உங்கம்மா."

"நாலு பேரு மக்களா?"

"பின்ன நாம மாடா?"

விஷயம் இதுதான். அந்தப் பெண்மணி சான்றின் அத்தை, அதாவது சித்தப்பாவின் அக்கா. பாலம் இரண்டு பேர் ஒதுங்கிப் போக முடியாத அளவுக்குக் குறுகல். அத்தை குமரியாக இருந்தபோது நடந்த அந்தச் சம்பவத்தைக் குடும்பமே அறியும். ஆனால் பாலத்துக்கு வைத்த பெயர் அத்தைக்குத் தெரியாமல் குடும்பத்துக்குள் ஓடிய ரகசியம். யாராவது பிடிவாதம் பிடித்தால் "ஏன் அத்தை பாலத்துல நிக்கிற?" என்பார்கள். அத்தை உள்ளே வந்தால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அத்தை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தையல் கடை வைத்திருந்தாள். சான்றை மருந்தாளர் படிப்புக்குச் சேர்த்ததும், படித்து முடியும்வரை செலவழித்ததும் அந்தக் கடைதான். அத்தையை வைத்து நாம் இத்தனை வருஷம் சிரித்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவந்தால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே சான்றுக்குப் பிடிக்கவில்லை.

அந்த இரண்டு வரியையும் அப்போதே அடித்திருக்க வேண்டும். அடிக்கப்போனாள். சித்தப்பா முகம் சுருங்கிப்போனதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. மீசையும் போய், நாயும் போய், பாலமும் போகிறதே என்று இருந்தது அந்த முகம். சரி, கொஞ்ச நாள் கிடக்கட்டும் என்று, வரிகளின் ஓரத்தில் 'சான்று தேவை' என்று ஒரு குறிப்பை மட்டும் போட்டு, ஒப்புதல் இல்லாமலே எல்லோரும் படிக்கும்படி விட்டுவிட்டாள். இரக்கப்பட்டுச் செய்த காரியம்தான். ஆனால் சரிபார்ப்பவர்கள் இரக்கப்படக் கூடாது.

சில வாரங்கள் போயின. ஒரு சனிக்கிழமை சித்தப்பா செய்தித்தாளோடு பின்னறைக்குள் நுழைந்தார். நாற்காலியை ஆட்டிப் பார்க்கக்கூட மறந்து உட்கார்ந்தார். அது அவரைத் தாங்கியதும் அன்றைய அதிர்ஷ்டம்தான். போன வார ஞாயிறு இணைப்பில் 'நம்மூர்ப் பாலங்கள்' என்று அரைப்பக்கக் கட்டுரை. அதில் அத்தை பாலம்.

"சான்று கேட்டியே. இந்தா."

சான்று வாங்கிப் பார்த்தாள். அச்சான செய்தித்தாள். தேதி இருந்தது, நிருபர் பெயர் இருந்தது. பாலத்தின் பெயரும் இருந்தது, கதையும் இருந்தது. விதிப்படி இனி அவள் ஒன்றும் சொல்வதற்கில்லை. 'சான்று தேவை' குறிப்பை எடுத்துவிட்டு, செய்தித்தாளை அடிக்குறிப்பில் சேர்த்து, கட்டுரைக்கு ஒப்புதல் கொடுத்தாள். லிஃப்ட் மெக்கானிக் கைதட்டினார். எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள், அந்த ஒரு நாள் கோட்டை விட்டாள்.

அடுத்த மாதம் நகராட்சி பாலத்துக்குப் பச்சை வண்ணம் அடித்தது. வண்ணம் அடித்தால் பலகை வைக்க வேண்டும், பலகை வைத்தால் பெயர் வேண்டும். கோப்பில் 'குறுக்குப் பாலம், ஏழு' என்று இருந்ததாம். அது நன்றாக இல்லை என்று ஒரு குமாஸ்தா கலைக்களஞ்சியத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை காலை மருந்துக்கடைக்குப் போகிற வழியில் சான்று பார்த்தாள்: பாலத்தின் இரு முனையிலும் பெரிய எழுத்தில் 'அத்தை பாலம்'.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. கடைக்குப் போனதும் அந்தச் செய்தித்தாள் கட்டுரையை எடுத்து, இந்த முறை முதல் வரியிலிருந்து படித்தாள். மூன்றாம் வரியில் இருந்தது, "பார்ப்பவர் மனதைக் கொள்ளை கொள்ளும் துருப்பிடித்த கைப்பிடிகள்". உலகத்தில் துருவைப் பார்த்து மனதைப் பறிகொடுக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். நிருபர் சித்தப்பாவின் கட்டுரையை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். சித்தப்பா சொன்னதைப் பத்திரிகை சொல்லியிருக்கிறது. பத்திரிகை சொன்னதால் சித்தப்பா சொன்னது உண்மையாகிவிட்டது. அந்த உண்மைக்கு நகராட்சி பலகையும் அடித்துவிட்டது. இதற்கெல்லாம் நடுவில் ஒப்புதல் கொடுத்துக்கொண்டு நின்றவள் அவள். யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். தலைவலி மாத்திரையை எடுத்து நீட்டினாள்.

சித்தப்பாவுக்குப் போன் செய்தாள்.

"அத்தை பலகையைப் பாத்தாங்களா?"

"பாத்துட்டா. 'எந்த அத்தைடா?'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"விசாரிச்சுச் சொல்றேன்னு சொல்லிட்டு இங்க வந்துட்டேன்."

"எங்க?"

"நூலகத்துல. இருட்டினதும் வீட்டுக்கு வர்றேன். நீ முன்னாடி போய்ப் பேசும்மா. நீ படிச்சவ."

மதியம் தையல் கடையிலிருந்து ஆள் வந்தது. அத்தை கூப்பிடுகிறாள்.

சான்று பாலத்தைக் கடந்து போனாள். நடந்துகொண்டே போனில் கட்டுரை நீக்கல் கோரிக்கையை எழுதினாள். காரணம், கட்டுரை தன்னையே தனக்குச் சான்றாகக் காட்டிக்கொண்டது, தவறு என்னுடையது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அத்தை கேள்வி கேட்பதற்குள் எல்லாவற்றையும் துடைத்துவிட முடிந்தால் நன்றாக இருக்கும் என்று சின்னப்பிள்ளை போல நினைத்தாள்.

அத்தை கழுத்தில் அளவு நாடாவோடு மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு வாடிக்கையாளரின் போன், அதில் அந்தக் கட்டுரை. உதவியாளர்களை வெளியே அனுப்பிவிட்டிருந்தாள்.

"இதுல உன் பேர் போட்டிருக்கு. ஒப்புதல் கொடுத்தவர்னு. நீதானா?"

"நான்தான் அத்தை."

"அந்த நிருபன்கிட்ட யாரு சொன்னது?"

"அவர் சித்தப்பா எழுதினதைப் பாத்துப் போட்டுட்டார். நான் அதைக் கவனிக்கல."

"சித்தப்பனுக்கு இந்தப் பேரு யாரு சொன்னது?"

சான்றுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "வீட்டுல எல்லாருமே அப்படித்தான் சொல்வோம் அத்தை. ரொம்ப வருஷமா. உங்களுக்குத் தெரியாம. தப்புதான். எல்லாத்தையும் எடுத்துடறேன், நகராட்சிக்கும் எழுதிப் போடறேன். பலகையை எடுத்துடுவாங்க."

அத்தை நாடாவைச் சுருட்டினாள். திரும்பப் பிரித்தாள். கோபப்படுவாள் என்று சான்று காத்திருந்தாள்.

"கதவைச் சாத்து."

சாத்தினாள்.

"அந்த ஆளு பின்னால போகல. நான்தான் போனேன்."

"என்ன அத்தை?"

"காலையிலேர்ந்து நின்னேன். அவனும் நின்னான். மத்தியானம் எனக்கு ஒண்ணுக்கு முட்டிடுச்சு. என்ன செய்யச் சொல்ற? ஓடிட்டேன். பின்வாசல் வழியா வீட்டுக்குப் போய்ட்டுத் திரும்பி வந்தேன், ஆளைக் காணோம். சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ஊருக்குள்ள போயிட்டான். நான் நிதானமா பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்னேன். அப்பத்தான் உன் சித்தப்பன் என்னைத் தேடி வந்தான். நான் அக்கரையில நிக்கிறேன், எதிராளி இல்ல. 'அக்கா ஜெயிச்சுட்டா'ன்னு வீட்டுக்கு ஓடினான். அவன் என்னிக்கு எதை முழுசாப் பாத்தான்."

சான்று சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். அத்தை சிரிக்கவில்லை.

"அதுக்கு முன்னாடி கடை வைக்கிறேன்னு நான் சொன்னா உங்க தாத்தா காதுலயே போட்டுக்க மாட்டார். அன்னிக்குச் சாயங்காலம், 'இவளை யாராலயும் நகத்த முடியாது, வெச்சுக்கட்டும்'னு சொல்லிட்டார். இல்லப்பா, நான் நகந்தேன்னு சொல்ல எனக்கு மனசு வரல. சொல்லியிருந்தா இந்தக் கடை இல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "நீ மாத்திரை கொடுக்கிறதும் இல்ல."

சான்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது, எது முதலில் வெளியே வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அத்தை தைத்துக்கொண்டிருந்த சட்டைத் துணியில் ஒரு வெட்டுத்துண்டை எடுத்து நீட்டினாள். அதில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பலகையை எடுத்தா, ஏன் எடுத்தாங்கன்னு ஊர் கேக்கும். பேரு இருக்கட்டும்," என்றாள் அத்தை. "அதுக்கு உன் சட்டத்துல வழி இருக்கா?"

சான்று யோசித்தாள். இருந்தது. நேற்றுவரை அந்தப் பாலத்துக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. இன்று நகராட்சியே பலகை வைத்துவிட்டதால் உண்டு. அதை யாரும் மறுக்க முடியாது. போனில் எழுதிவைத்திருந்த நீக்கல் கோரிக்கையை அழித்தாள். கட்டுரையைத் திறந்து கைப்பிடிகளை எடுத்தாள், செய்தித்தாளை எடுத்தாள், பலகையின் படத்தை அடிக்குறிப்பில் சேர்த்தாள். ஒப்புதல் கொடுத்ததில் தான் செய்த தவறையும், கட்டுரையை எழுதியவர் தன் சித்தப்பா என்பதையும், கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதினாள். இனி இந்தக் கட்டுரையை வேறொருவர் சரிபார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். சைக்கிள்காரர் கதைக்கு வந்தபோது கை நின்றது.

"பேரு இருக்கும் அத்தை. கதை போயிடும். அதுக்கு ஆதாரம் கிடையாது."

"போகட்டும். ஊர்ல எல்லார் வாயிலயும் இருக்கே, உன் எழுத்துல இல்லாட்டி என்ன?"

"உண்மையில என்ன நடந்துச்சுன்னு என்னிக்காவது யாராவது எழுதணும் இல்லையா?"

"எழுதேன்," என்றாள் அத்தை, மெஷினில் துணியை வைத்துக்கொண்டே. "ஆதாரம் கேட்டா என்னைக் காட்டு. என்கிட்ட வந்து கேட்டா, அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு சொல்லிடறேன்."

மெஷின் ஓட ஆரம்பித்தது. சான்று அந்த இரண்டு வரியையும் அழித்துவிட்டு, பெயர்க்காரணம் தெரியவில்லை என்று எழுதினாள். அவள் அந்தக் களஞ்சியத்தில் தெரிந்தே எழுதிய முதல் பொய் அது. அதற்கு யாரும் சான்று கேட்கவில்லை.