நின்றுகொண்டு கேட்க வேண்டிய கேள்வி

“பின்னாடி போகாதே, பின்னாடி போகாதே!”

கரைக்கல்லில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த ஹருவே கத்தி முடிப்பதற்குள் லோபகா பின்னாடி போய்விட்டார். நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகையின் மூக்கு வானத்தைப் பார்த்து எழும்பியது. துடுப்பு ஒரு பக்கம், லோபகா ஒரு பக்கம்.

ஹீலோ ஊரில் அந்த இடத்துக்கு ஐஸ் குளம் என்றே பெயர். கடல்தான், ஆனால் மலை ஊற்று அடியில் வந்து கலப்பதால் இடுப்புக்குக் கீழே விறைத்துவிடும். லோபகா மூச்சு வாங்கத் தலையைத் தூக்கினார்.

“மீனெல்லாம் ஓடியே போச்சு. ரொம்ப நன்றி, கேப்டன்,” என்றார் ஹருவே.

பக்கத்தில் தன் பலகைமேல் நிமிர்ந்து நின்ற மோமி சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது லோபகாவுக்குத் தெரிந்தது. அதற்கு அவர் வாய்விட்டுச் சிரித்திருந்தாலே தேவலை.

“பலகைக்கு நடுவுல கைப்பிடிக் குழி இருக்கில்ல? அதுக்கு இந்தப் பக்கம் ஒரு காலு, அந்தப் பக்கம் ஒரு காலு. அவ்வளவுதான். நீ எதுக்கு வால் பக்கமா நடந்து போறே?” என்றார் மோமி.

“நான் எங்க போறேன்? காலு போகுது.”

பொய்யில்லை. முப்பது வருஷமாக ஆறு பேர் படகில் கடைசி இருக்கை அவருடையது. பின்னால் உட்கார்ந்து திசை திருப்புகிறவர் அவர். முன்னால் இருக்கும் ஐந்து முதுகுகளும் அவர் குரலுக்குத்தான் வளையும். தண்ணீர் என்றாலே அந்தக் கால்களுக்குப் பின்பக்கம்தான் வீடு.

அந்த ஐந்து முதுகுகளில் முதலாவது மோமியுடையது. இருவருமே துணையை இழந்தவர்கள். போன மழைக்காலத்தில் ஒருநாள், பயிற்சிக்கு நடுவே, தைரியம் எங்கிருந்து வந்ததோ, லோபகா பின்னாலிருந்து ஒரே கத்தாகக் கத்திவிட்டார்: “மோமி! என்னைக் கட்டிக்கிறியா?”

நடுவில் இருந்த நாலு பேரின் துடுப்பும் அப்படியே நின்றது. மோமியின் துடுப்பு மட்டும் நிற்கவில்லை. அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

கரைக்கு வந்ததும் சொன்னார்: “முதுகைப் பார்த்துக் கேட்டா முதுகுதான் பதில் சொல்லும்.”

அதற்குப் பிறகு அவர் படகுக்கு வரவில்லை. ஒரு பலகை வாங்கினார். விடிந்ததும் அதில் ஏறி நின்று, தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு எதிரே தெரியும் குட்டித் தீவுப் பக்கம் போக ஆரம்பித்தார். லோபகா ஒரு நாள் கழுத்து நிறையப் பூமாலையோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“தரையில யார் வேணா நிப்பாங்க, லோபகா. கேக்கறதா இருந்தா அங்க வா. எனக்குப் பக்கத்துல நின்னு, மூஞ்சியைப் பார்த்துக் கேளு.”

“எனக்கு அதுல நிக்கத் தெரியாதே.”

“நான் சொல்லித் தர்றேன். பதில் என்னன்னு மட்டும் இப்பவே கேக்காதே.”

இப்படித்தான் லோபகா ஐஸ் குளத்தில் விழுந்து எழத் தொடங்கினார்.

முட்டி போட்டிருந்த வரை எந்தக் குறையும் இல்லை. முட்டியில் இருந்தபடியே அவர் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது ஹருவேயே கை தட்டினார்.

“இது போதுமே மோமி! சினிமாவுல எல்லாம் முட்டி போட்டுத்தானே கேக்கறாங்க?”

லோபகாவுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. “அதானே!” என்றார்.

“எந்திரி,” என்றார் மோமி.

எழுந்தார். தொடை நடுங்கியது. பலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. குனிந்து கால்களைப் பார்த்தார். விழுந்தார்.

“காலைப் பார்க்காதே. அது எங்கயும் போகாது.”

“போகுதுன்னுதானே சொல்றேன்!”

“தூரத்துல பாரு. தீவுல அந்தத் தென்னை தெரியுதா? அதைப் பாரு. முட்டியைக் கொஞ்சம் மடக்கு. துடுப்பை நிறுத்தாதே, நிறுத்தினா ஆடும். விழுந்தா தண்ணில விழு, பலகைமேல விழாதே. மண்டை உடைஞ்சா கேள்வி மறந்து போயிடும்.”

ஒரு நாள் நின்றுவிட்டார். எப்படி என்று அவருக்கே தெரியவில்லை. கண் தென்னையில், கால் நடுவில், துடுப்பு தண்ணீரில். பழக்க தோஷம், வாய் தானாகவே, “ஹட்… ஹோ!” என்று பக்கம் மாற்றக் கட்டளை போட்டது.

“யாருக்குய்யா சொல்றே?” கரையிலிருந்து ஹருவே. “அதுல நீ ஒருத்தன்தான் இருக்கே!”

மறுநாள் காலையில் தூறல். படகுகள் கட்டியிருந்த இடத்தைத் தாண்டி இரண்டு பலகைகளும் பக்கத்தில் பக்கத்தில் போயின. இன்றைக்குக் கேட்கவில்லையென்றால் இனி எப்போதும் கேட்க மாட்டோம் என்று லோபகாவுக்குத் தோன்றியது.

“மோமி.”

“ம்.”

“மூஞ்சியைப் பார்த்துக் கேக்கச் சொன்னே. திரும்பினா விழுந்துடுவேன்.”

“இப்போ எதைப் பார்க்கறே?”

“தென்னையை.”

“அப்போ தென்னைகிட்டயே கேளு. அதுக்கும் வயசாகுது, துணை வேணும்.”

மழைநீர் லோபகாவின் கண்ணில் இறங்கியது, துடைக்கக் கையில்லை. இவ்வளவு தூரம் வந்தும் வெறும் மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே என்று இருந்தது அவருக்கு.

மோமி அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நாலு துடுப்பு வீச்சில் முன்னால் போனார். வாலுக்குக் காலை நகர்த்தி, பலகையின் மூக்கைத் தூக்கி, ஒரே சுற்றில் திரும்பினார். தென்னை இருந்த இடத்தில் இப்போது மோமியின் முகம் இருந்தது.

“இப்போ நேரா பாரு. கேளு.”

அந்த முகத்தில் கிண்டல் இல்லை. தாடை லேசாக நடுங்கியது. இவளுக்கும் பயமா என்று லோபகாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“மோமி, என்னைக் கட்டிக்…”

“லோபகா, நிறுத்து!”

“நிறுத்த மாட்டேன், கேட்டுத்தான் தீருவேன்…”

“பலகையை நிறுத்துய்யா!”

அதை யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. பலகைகளின் மூக்கும் மூக்கும் மோதின. இதுவரை யாரும் விழுந்து பார்த்திராத மோமி விழுந்தார், லோபகாவும் விழுந்தார்.

மேலே வந்ததும் இருவரும் ஒரே பலகையை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள். முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

“கட்டிக்கிறியா?” என்று பல் தந்தியடிக்கக் கேட்டு முடித்தார் லோபகா.

“அன்னிக்கே படகுல திரும்பியிருப்பேன்,” என்றார் மோமி. “நாலு பேர் பார்க்க அழுதுட்டே துடுப்புப் போடச் சொல்றியா? அதான் திரும்பலே.”

“அழுதியா?”

“அதெல்லாம் உனக்கு எதுக்கு? சரி. கட்டிக்கிறேன். ஆனா ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் நான் தனியாத்தான் போவேன்.”

“மத்த நாள்ல?”

“மத்த நாள்ல நீயும் வா.” மோமி ஈர முடியை ஒதுக்கிவிட்டு மோதிய இடத்தைத் தடவிப் பார்த்தார். பலகையில் விரல் போகிற அளவுக்குக் கீறல். “முதல்ல நிறுத்தக் கத்துக்கிட்டு வா.”