பதினேழாம் தொட்டி

ஆராய்ச்சிக் கூடத்தில் எல்லோரும் அவளை டாக்டரம்மா என்பார்கள். முனைவர் பட்டத்தால் வந்த பெயர். வந்த புதிதில், தரை துடைக்கும் அக்கா முட்டிவலிக்கு மாத்திரை கேட்டு வந்து நின்றாள்.

"நான் இலைக்குத்தான் டாக்டர்க்கா."

"அப்ப ரெண்டு இலையாவது குடுங்க, வச்சுக் கட்டிக்கிறேன்."

அன்றிலிருந்து தினமும் காலையில் பத்து நிமிஷம் பேச்சு. டாக்டரம்மா நாள் முழுக்க வாய் திறப்பது அந்தப் பத்து நிமிஷம்தான். வெளியூரில் படிக்கும் மகள் ஞாயிறு மட்டும் கூப்பிடுவாள், அதுவும் அரக்கப்பரக்க.

தண்ணீரை நிறுத்திவிட்டால் செடியின் இலை தன் நுண்துளைகளை எந்த நாளில் மூடிக்கொள்ளும்? மண்ணின் ஈரம், வெயில், காற்று மூன்றையும் கொடுத்தால் அதைச் சொல்லிவிடும் கணக்கு ஒன்றைக் கணினியில் உருவாக்கியிருந்தாள். மூன்று வருஷ உழைப்பு. சோதித்துப் பார்க்கக் கண்ணாடிக் குடிலின் தரையில் இருபத்துநான்கு தொட்டிகள். ஒன்பதாம் நாள் என்றது கணக்கு. சொல்லிவைத்த மாதிரி இருபத்துமூன்று செடிகள் மூடிக்கொண்டன. பதினேழாம் தொட்டி மட்டும் தளதளவென்று நின்றது.

வாளியோடு வந்த அக்காவைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது.

"அக்கா, இதுக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

"நானா? தொடக் கூடாதுன்னு நீங்க சொன்னதுலருந்து அந்தப் பக்கமே போகலயேம்மா."

"பாவம் பாத்து ஊத்தியிருந்தாலும் சொல்லிடுங்க. உங்களவிட்டா இங்க யாரு வர்றா?"

அக்கா வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் டாக்டரம்மா அந்தத் தொட்டியைத் தூக்கப் போனாள். அது அசைய மறுத்தது. சாய்த்துப் பார்த்தால், அடி ஓட்டை வழியாக ஒரு வேர் புறப்பட்டுத் தரை விரிசலுக்குள் இறங்கியிருந்தது. கீழே தண்ணீர் ஓடும் வடிகால். கணக்கு தப்பவில்லை! வாய்விட்டுச் சிரித்தாள். யாரிடமாவது சொல்லத் திரும்பினாள். யாருமில்லை. ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியரைப் போனில் கூப்பிட்டாள். "அதை விட்டுட்டு மீதிய எழுதும்மா" என்று வைத்துவிட்டார். மகள், "கிளாஸ்ல இருக்கேன்மா" என்றாள்.

பின்கட்டில் துடைப்பத்தை அலசிக்கொண்டிருந்த அக்காவிடம் ஓடினாள்.

"வேர் கீழ போயிருக்குக்கா. உங்க மேல தப்பே இல்ல. மன்னிச்சிடுங்க."

"என் மேல தப்பில்லன்னு எனக்கு அப்பவே தெரியுமேம்மா."

குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

கட்டுரை அச்சேறியது, பாராட்டுக் கடிதங்கள் வந்தன. அக்கா மட்டும், இவள் வருவதற்குள் வேலையை முடித்துவிட்டுப் போகத் தொடங்கினாள். காலையில் கதவைத் திறந்தால் துடைத்துக் காய்ந்த தரைதான் எதிரே இருக்கும்.

ஒரு நாள் டாக்டரம்மா ஒரு மணி நேரம் முன்னாலேயே போனாள். அக்கா பாதித் தரை துடைத்திருந்தாள்.

"என்னம்மா, இவ்வளவு சீக்கிரம்?"

"உங்களப் பாக்கத்தான்க்கா."

அக்கா ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து வேலையைத் தொடர்ந்தாள்.

"ஈரம், வழுக்கும். கொஞ்சம் நில்லுங்க."

டாக்டரம்மா வாசலிலேயே நின்றாள்.